புளியங்கொட்டைக்கு ஓர் எழுத்து, நாணலுக்கு ஓர் எழுத்து

கேள்வி: பரீட்சை லீவில் என் பிள்ளைகள் இருவரோடும் (மகளுக்கு 6 வயது, மகனுக்கு 10) அரபு எழுத்தணிக் கைவேலை செய்யலாம் என்று இருக்கிறேன். பிளாஸ்டிக், ஜிகினா எல்லாம் வேண்டாம். விதை, இலை, மண், கல் இவற்றை வைத்தே செய்யப் பார்க்கிறேன். எனக்கு ஓதத் தெரியும், அழகாக எழுத வராது. எங்கிருந்து தொடங்குவது? அல்லாஹ்வின் பெயரை அரிசியாலும் பருப்பாலும் ஒட்டலாமா என்ற தயக்கமும் இருக்கிறது.

பதில்:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு ஒரு முடிவு தெரிந்தால்தான் நிம்மதியாக வேலையில் உட்கார முடியும். என் வழக்கம் இதுதான்: செய்யப்போகும் பொருள் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யோசித்து, அதற்கேற்ற சொல்லைத் தேர்ந்தெடுப்பேன். பிள்ளைகள் பழகும்போது செய்வதில் பெரும்பகுதி கிழியும், காலில் மிதிபடும், துடைப்பத்தோடு போகும். ஆகவே பழகுவதற்கு ஆயத்தோ (குர்ஆன் வசனம்) இறைவனின் பெயரோ வேண்டாம். நூர் (ஒளி), இல்ம் (அறிவு), கமர் (நிலா), பைத் (வீடு), ஷுக்ர் (நன்றி) என்று நல்ல சின்னச் சின்னச் சொற்கள் நிறைய இருக்கின்றன. பிள்ளைகளின் பெயரையே எழுதலாம். ஆனால் மகனின் பெயர் அப்துல்லாஹ், அப்துர் ரஹ்மான் என்று இருந்தால் அதற்குள்ளேயே இறைவனின் பெயர் வந்துவிடும், கவனம். வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர் போதும். உம்மா, வாப்பா என்று எழுதினால் இன்னும் குஷியாகிவிடுவார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ் மரபு நமக்குச் சொந்தம்தானே. அரபியில் இல்லாத ப, ட, ழ போன்ற ஒலிகளுக்கு இருக்கிற எழுத்துகளிலேயே புள்ளி கூட்டிப் புது எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். வீட்டில் பெரியவர்கள் யாருக்காவது அது வாசிக்கத் தெரிந்தால் பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள்.

ஆயத் இல்லாவிட்டால் அது இஸ்லாமியக் கலையாகுமா என்று யாராவது கேட்டால் நீஷாப்பூர்க் கிண்ணங்களைச் சொல்லுங்கள். 10-ஆம் நூற்றாண்டில் ஈரானின் நீஷாப்பூரிலும் சமர்கந்திலும் செய்த வெள்ளை மண்பாண்டங்களின் விளிம்பைச் சுற்றி, கூஃபி என்னும் பழைய, கோணலான பாணியின் நெடிய எழுத்துகளில் "உடையவருக்கு பரக்கத் (அருள்வளம்) உண்டாகட்டும்" என்கிற மாதிரி வாழ்த்துகளும் பழமொழிகளும்தான் எழுதியிருக்கிறார்கள். சாப்பிடுகிற பாத்திரத்துக்கு எந்தச் சொல் பொருந்தும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள்.

அரிசி, பருப்பு விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறார்தான். வேண்டாம். உணவைப் பசையில் தோய்த்து வீணாக்குவது ஒரு பக்கம். மூன்றே மாதத்தில் வண்டு விழுந்து, சுவரில் மாட்டிய பெயரிலிருந்து மாவு உதிர்வதைப் பார்ப்பது இன்னொரு பக்கம். இதற்குப் புளியங்கொட்டை இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இப்போது எங்கிருந்து தொடங்குவது என்பது. பெரும்பாலானோர் இணையத்தில் துலுத் என்னும் வளைவான பாணியில் ஓர் அழகான எழுத்தை எடுத்து, பிரிண்ட் போட்டு, அதன் மேல் பிள்ளைகளை விதை ஒட்டச் சொல்கிறார்கள். வளைவெல்லாம் பல்லைக் காட்டும், மெல்லிய முனைகள் காணாமல் போகும், பிள்ளைக்கும் அலுத்துவிடும். குறை பிள்ளையிடம் இல்லை. துலுத்தும், குர்ஆன் பிரதிகளில் பார்க்கிற நஸ்கும் வெட்டிய நாணல் முனையிலிருந்து பிறந்த எழுத்துகள். தடித்துப் போவதும் மெலிந்து வருவதும் அந்த முனையின் வேலை. விதைக்கு அது வராது. எந்தப் பொருள் கையில் இருக்கிறதோ அதற்கென்று பிறந்த எழுத்தை எடுத்துக்கொண்டால், வரையத் தெரியாதவர் வீட்டிலும் வேலை திருத்தமாக வரும்.

விதைக்கும் கூழாங்கல்லுக்கும் உரியது சதுரக் கூஃபி. செங்கல்லை வளைக்க முடியாது, கட்டம் கட்டமாகத்தான் அடுக்க முடியும். அப்படி அடுக்கி அடுக்கியே உருவான எழுத்து இது. இஸ்ஃபஹான் ஜும்ஆ பள்ளிவாசலிலும் சமர்கந்தில் தைமூர் காலத்துக் கட்டடங்களிலும் சுவர் சுவராகப் பார்க்கலாம். விதி ஒன்றுதான்: கோடு எவ்வளவு அகலமோ, இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் அவ்வளவே. கட்டம் போட்ட கணக்கு நோட்டு இருந்தால் 10 வயதுப் பையன் தானே வரைந்துவிடுவான். பெரும்பாலும் புள்ளிகள் இல்லாமலே எழுதும் எழுத்து என்பதால் அந்தத் தொல்லையும் இல்லை.

பழகி முடித்த பிறகு, சுவரில் மாட்டுவதற்கென்றே ஒன்று செய்யுங்கள். அதில் அல்லாஹ் என்ற பெயரையே வைக்கலாம். அளவு சொல்கிறேன். அகலம் 9 கட்டம், உயரம் 7 கட்டம். வலமிருந்து எண்ணுங்கள். முதல் நெடுவரிசை முழுக்க அலிஃப் என்ற எழுத்து, 7 கட்டம். இரண்டாவது காலி. மூன்றாவது முதல் லாம், 7. நான்காவதில் அடிக்கட்டம் மட்டும் நிரம்பும், அது இணைப்பு. ஐந்தாவது இரண்டாம் லாம், 7. ஆறாவதில் மறுபடி அடிக்கட்டம் மட்டும். ஏழு, எட்டு, ஒன்பதில் ஹே: கீழிருந்து மூன்றுக்கு மூன்று சதுரம், நடுக்கட்டம் காலி, ஆக 8. எல்லாம் சேர்த்து 31 கட்டம், 31 புளியங்கொட்டை. ஹேயின் தலைக்கு மேல் வெற்றிடமாக இருக்கிறதே என்று மகன் கேட்பான். கேட்கட்டும். அதே ஹேயை உச்சிவரை உயர்த்தி, உள்ளே 5 கட்டம் காலியாக விட்டு நீள்சதுரமாக்கினால் மொத்தம் 39 ஆகும், இடமும் நிரம்பிவிடும். இரண்டும் சரிதான். இப்படி நீட்டியும் குறுக்கியும் இடத்தை நிரப்புவதுதான் இந்த எழுத்தின் விளையாட்டு. இதை ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் பையன் நோட்டை விடமாட்டான்.

புளியங்கொட்டையை ஏன் இவ்வளவு தூக்கிப்பிடிக்கிறேன் என்றால், அது ஏறக்குறைய சதுரமாக இருக்கிறது, தட்டையாக உட்காருகிறது, கழுவித் துடைத்தால் மெருகு போட்ட மரம் மாதிரி மின்னுகிறது. பேரீச்சங்கொட்டை நீளம், கட்டத்தில் அடங்காது. ஒன்றரை சென்டிமீட்டர் கட்டம் போட்டுக்கொண்டால் ஒரு கொட்டைக்கு ஒரு கட்டம் கணக்காக இருக்கும். புளியைக் கரைத்தபின் கொட்டையைக் கழுவி நன்றாக வெயிலில் காயவைத்து, அளவு பார்த்துப் பொறுக்கும் வேலையை 6 வயது மகளிடம் கொடுங்கள். அந்த வயதுக்கு அதுவே ஒரு நாள் வேலை. பசைக்கு, கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, இடித்து, தண்ணீரில் காய்ச்சினால் நல்ல பிசுபிசுப்பான பசை கிடைக்கும். தாளுக்கும் துணிக்கும் அது போதும். பலகையில் கொட்டை ஒட்ட மட்டும் ஃபெவிகால் வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை என்பதில் இவ்வளவு விட்டுக்கொடுத்தால் ஒன்றும் ஆகாது.

ஒரே ஓர் எச்சரிக்கை. அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை எடுத்துவிடாதீர்கள். சிவப்பும் கறுப்புமாகக் கண்ணைப் பறிக்கும், ஆனால் கொடிய விஷம். மென்றுவிட்டாலோ, ஓட்டை போட்டு உடைத்த தூள் உள்ளே போனாலோ உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். மைதா பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கும் பழக்கமும் உண்டு, அதுவும் பிள்ளைகள் இருக்கும் இடத்தில் ஆகாது.

சரி, இனி கலம், அதாவது எழுதுகோல். நாணல் கிடைத்தால் நல்லது. ஆற்றோரத்துக் கொறுக்கைத் தட்டை, நன்றாகக் காய்ந்த சோளத்தட்டை, சுண்டுவிரல் கனத்து மூங்கில் எதுவும் ஆகும். சூடானின் குர்ஆன் பள்ளிகளில் பிள்ளைகள் சோளத்தட்டையைச் சீவித்தான் எழுதியிருக்கிறார்கள். வெட்டுவது உங்கள் வேலை, பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம். முனையைச் சாய்வாகச் சீவி, உள்பக்கச் சோற்றை வழித்தெடுத்து, நுனியை ஒரே அழுத்தில் சற்றுச் சாய்வாக நறுக்குங்கள். நுனியின் நடுவில் மை இறங்க ஒரு சின்னக் கீறல் போடுங்கள். பிள்ளைகளுக்கு நுனி 4, 5 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். மெல்லிய முனைதான் சுலபம் என்று நினைப்போம், உண்மையில் அகல முனையில்தான் எழுத்தின் தடிப்பும் மெலிவும் தானாக வரும். கலம் செய்யும்வரை பொறுக்காதவர்களுக்கு இரண்டு பென்சிலை ரப்பர் பேண்டால் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் இரட்டைக்கோடு விழும், பிறகு நடுவில் நிறம் தீட்டிக்கொள்ளலாம்.

முதல் பாடம் எழுத்தே இல்லை, புள்ளி. கலத்தின் முனையைச் சாய்வாக வைத்து ஓர் இழுப்பு இழுத்தால் வைரவடிவில் ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளிதான் அளவுகோல். முனையோடு முனை தொட 5 புள்ளிகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தால் அது நஸ்கில் அலிஃபின் உயரம். 7 வைத்தால் துலுத். 940-இல் இறந்த பாக்தாத் வஸீர் இப்னு முக்லா வகுத்த அளவுமுறையின் அடிப்படை இது. அவர் மூன்று கலீஃபாக்களிடம் அமைச்சராக இருந்து, அரசியல் சூழ்ச்சியில் வலக்கை வெட்டப்பட்டவர். அதன் பிறகும் கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்பார்கள். 10 வயதுப் பையனுக்குச் சொல்லலாம், மகளுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பையன் புள்ளி வைத்து உயரம் அளந்து அலிஃப் போட ஆரம்பித்தால் "எனக்கு அழகாக எழுத வராது" என்ற உங்கள் கவலையும் பாதி போய்விடும். அழகு கண்மட்டத்தில் இல்லாமல் எண்ணிக்கையில் இருக்கிறதே.

மை. பழைய முறை கரியும் பிசினும். நம் வீடுகளில் கண்மை எடுப்பது போலவே, எண்ணெய் விளக்கின் மேல் மண்தட்டைக் கவிழ்த்துக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். இஸ்தான்புல் சுலைமானியா பள்ளிவாசலில் ஆயிரக்கணக்கான விளக்குகளின் புகை ஓர் அறையில் போய்த் தங்கும்படிக் காற்றோட்டம் அமைத்து, அங்கு படிந்த கரியில் மை செய்தார்கள். அவர்கள் சேர்த்தது சூடான் பக்கத்துப் பிசின். நமக்கு நாட்டுமருந்துக் கடையில் கருவேலம்பிசின் கிடைக்கும். ஒரு பங்கு பிசினை இரண்டு பங்கு தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கரியில் சொட்டுச் சொட்டாக விட்டு அம்மியிலோ கல்வத்திலோ அரையுங்கள். எவ்வளவு அரைத்தாலும் நல்லதுதான். அரைத்து அலுத்தபின் மேலும் அரைக்க வேண்டும். பிசின் கூடினால் காய்ந்தபின் உதிரும், குறைந்தால் கையோடு வந்துவிடும்.

இதைவிடப் பிள்ளைகள் வாய்பிளக்கும் மை ஒன்று உண்டு. கடுக்காய். ஐந்தாறு கடுக்காயை உடைத்துக் கொட்டையை நீக்கி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாதியாக வற்றவையுங்கள். மஞ்சளும் பழுப்புமாக ஒரு கஷாயம். வேறொரு பாட்டிலில் துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் நாலைந்து நாள் ஊறவைத்திருங்கள். அந்தத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் எடுத்துக் கஷாயத்தில் விட்டதும் கண்ணெதிரே கருநீலமாகிக் கறுத்துவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை. கொஞ்சம் பிசின் கரைத்தால் எழுதத் தயார். இந்த மை வருடக்கணக்கில் தாளை அரிக்கும் என்பதால் பாதுகாக்க நினைக்கும் தாளுக்குக் கரிமைதான் நல்லது. சட்டையில் பட்டால் போகாது, பழைய உடுப்பைப் போட்டுவிடுங்கள்.

இதையே துணியில் செய்தால் இன்னும் நன்றாக இருக்கும். கலத்தால் துணியில் சித்திரம் எழுதும் ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்களின் முறை. காடாத் துணியைக் கடுக்காய்த் தண்ணீரும் பாலும் கலந்ததில் நனைத்துக் காயவைப்பார்கள். பாலின் கொழுப்பு இருப்பதால் மை ஊறிப் பரவாது. எழுதுவதற்குத் துருவேறிய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் இரண்டு மூன்று வாரம் புளிக்கவைத்த நீர். பார்க்க வெளிறிய சாயத்தண்ணீர்தான், மூங்கில் கலத்தில் தொட்டுத் துணியில் இழுத்தால் கறுத்துக்கொண்டே போகும். லீவு தொடங்கும் முன்பே இரும்பை ஊறப்போடுங்கள். பால் நாற்றம் ஒரு வாரம் இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாளுக்கு ஒரு பக்குவம் உண்டு. உஸ்மானியத் துருக்கியர் தாளின் மேல் கஞ்சியும், படிகாரம் கலந்த முட்டை வெள்ளைக்கருவும் பூசி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, மாதக்கணக்கில் போட்டுவைத்தபின்தான் எழுதுவார்கள். அப்படிப்பட்ட தாளில் மை மேலாகவே நிற்கும், பிழையை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வீட்டுக்கு இவ்வளவு போதும்: கனமான தாளைத் தேயிலைச் சாயத்தில் முக்கிக் காயவையுங்கள், நீர்த்த சோற்றுக்கஞ்சியை மெல்லப் பூசுங்கள், முற்றும் காய்ந்தபின் சோழியால் தேயுங்கள். சோழியால் தேய்ப்பது மகளின் வேலை. தேய்க்கத் தேய்க்கத் தாள் வெளிச்சத்தில் பளபளக்கும்.

துடைத்துத் துடைத்து எழுதுவதென்றால் மொராக்கோவின் மரப்பலகை நினைவுக்கு வருகிறது. அங்கே ஓதும் பிள்ளைகள் பலகையில் வெள்ளைக் களிமண் பூசிக் காயவைத்து, ஆட்டுரோமத்தைக் கருக்கிச் செய்த மையால் பாடத்தை எழுதி, மனனமானதும் கழுவிவிட்டு அடுத்த பாடம் எழுதுவார்கள். கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடமாட்டார்கள், கால்படாத இடத்தில் ஊற்றுவார்கள். வழவழப்பாக இழைத்த ஒரு சின்னப் பலகையும் முல்தானி மட்டியும் இருந்தால் வீட்டில் இதைச் செய்யலாம். சுண்ணாம்பு வேண்டாம், தோல் வெந்துவிடும். லீவு முழுக்க ஒரே பலகை, குப்பையே சேராது. நீங்கள் ஒன்றே ஒன்றுதான் செய்வீர்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

இலைவேலையும் பிள்ளைகள் கேட்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் உஸ்மானியக் கலைஞர்கள் காய்ந்த இலைகளில் பொன்னெழுத்துப் பதித்திருக்கிறார்கள். அரச இலையை மூன்று நான்கு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய டூத்பிரஷால் சதையை நீவினால் நரம்புவலை மட்டும் மிஞ்சும். அதன் மேல் நேரடியாக எழுதுவது பெரியவர்களுக்கே கடினம். தாளில் எழுதி, வலையை மேலே போர்த்தி ஒட்டிவிடுங்கள். அவ்வளவுதான்.

மகளுக்கு இந்த வயதில் மணல் தட்டும் விரலும் போதும். மகனோ மகளோ இடக்கைக்காரராக இருந்தால் திருத்தப் போகாதீர்கள். வலமிருந்து இடமாக எழுதும்போது இடக்கை ஈர மையிலிருந்து விலகிக்கொண்டே போகும், வலக்கைக்காரர்கள்தான் ஈஷிக்கொள்வார்கள். கலத்தின் நுனியை மட்டும் எதிர்ச்சாய்வில் வெட்டி, தாளைத் திருப்பி வைத்துப் பாருங்கள்.

எதையும் ஒட்டுவதற்கு முன்னால் ஓதத் தெரிந்த இன்னொருவர் கண்ணில் காட்டுங்கள், உங்கள் ஊர் ஆலிம்சாவாக இருந்தால் இன்னும் நல்லது. கம்ப்யூட்டரில் அரபு எழுத்தைப் பிரதி எடுத்துப் போடும்போது சில மென்பொருள்கள் எழுத்துகளைப் பிரித்து, இடமிருந்து வலமாகத் திருப்பிப் போட்டுவிடும். அப்படி அச்சான பேனர்களையே நாம் பார்த்திருக்கிறோம். ஓதத் தெரிந்த உங்களுக்கு அது உடனே உறுத்தும், ஆனால் ஒட்டி முடித்தபின் உறுத்திப் பயனில்லை.

வீட்டில் வைக்க முடியாமல் போனவற்றில் இறைவனின் பெயர் இருந்தால் சுத்தமான துணியில் சுற்றிக் கால்படாத மண்ணில் புதைத்துவிடலாம். மக்கக்கூடிய பொருளிலேயே செய்ததற்கு இது ஒரு லாபம். புதைக்க மனமில்லாமல் சேர்த்துவைத்தவர்களும் உண்டு. பாகிஸ்தானின் குவெட்டாவில் பழைய குர்ஆன் பிரதிகளுக்கென்றே மலையில் குகைகள் குடைந்திருக்கிறார்கள். 1972-இல் ஏமனின் சனா பெரிய பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது, கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே ஒதுக்கிவைத்திருந்த மிகப் பழைய தோல்பிரதிகள் அப்படித்தான் வெளியே வந்தன. மாட்டி வைக்கும் புளியங்கொட்டைப் பலகைக்கு நேர் வெயிலும் சமையலறை ஆவியும் ஆகாது. மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் இறக்கி, காய்ந்த துணியால் துடைத்து, எந்தக் கொட்டையாவது ஆடுகிறதா என்று பார்த்துப் பசை வையுங்கள்.